கடலோர மேசையில் ஆறிப்போன காபி: மும்பை உணவகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மும்பையின் மேற்குக் கடலை ஒட்டிய சாலை ஒன்றில் 60 ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் சைவ உணவகம் இது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், இப்போது மூன்றாவது தலைமுறை நடத்துகிறது. கடையின் பெயரையும் சரியான இடத்தையும் சொல்லப்போவதில்லை. அந்த நிபந்தனையின் பேரில்தான் இதை எழுத ஒப்புக்கொண்டார்கள். நான் இந்த நகரத்து ஓட்டல் சமையலறைகளில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவன். இப்போது சின்னக் கடைகளுக்கு யோசனை சொல்லி வருகிறேன்.

கடை ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில் இருக்கிறது. பின்பக்கம் அடுப்படி, நடுவில் கூடம், முன்பக்கம் வராந்தா, அதைத் தாண்டினால் சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் கடல். கூடத்தில் 6 பளிங்கு மேசைகள். தாத்தா காலத்தில், மூடவிருந்த ஓர் இரானிக் கடையிலிருந்து வாங்கியவை. காலையில் நடைப்பயிற்சி முடித்து வருகிறவர்கள், மதியம் அலுவலகக்காரர்கள். சனி, ஞாயிறு மாலைகளில் மாட்டுங்கா, சயான், செம்பூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள். கடற்கரையில் கால் நனைத்துவிட்டு, இங்கே வந்து ஒரு டிபன், ஒரு காபி சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறுவது அவர்களில் பலருக்கு இரண்டு தலைமுறைப் பழக்கம்.

ஆனால் கடையின் உள்ளே இருந்து கடல் தெரியாது. கூடத்துக்கும் வராந்தாவுக்கும் நடுவில் சுவர் இருந்தது. காற்று வரும், அலைச் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். 2023 மார்ச்சில் இளைய முதலாளி அந்தத் தடுப்புச் சுவரை எடுத்துவிட்டு வராந்தாவில் 8 மேசைகள் போட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வாடகையும் சம்பளமும் ஏறிக்கொண்டிருந்தன. கண்ணெதிரே கடலை வைத்துக்கொண்டு அதற்கு முதுகைக் காட்டி உட்கார வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது. அதோடு மேசைக்கு மேசை க்யூஆர் அட்டை ஒட்டினார். மாலை நேரத்துக்கு முன்பதிவும் தொடங்கினார்.

ஏப்ரலில் மாலைக் கூட்டம் நன்றாக ஏறியது. கல்லாவில் இருப்பவர்களுக்கு அதுதான் கண்ணில் பட்டது.

மே மாதத்து மாலை

என்னை அழைக்கக் காரணமாக இருந்தது ஒரே ஒரு மேசை. 78 வயதுப் பெரியவர், துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். 40 ஆண்டுகளாக மனைவியோடு இந்தக் கடைக்கு வருகிறவர். மே மாதம் அவர்களுடைய கல்யாண நாளன்று வந்தார்கள். பளிங்கு மேசைகளில் நான்கு நிறைந்திருந்தன, மற்ற இரண்டிலும் முன்பதிவு அட்டை வைத்திருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த பையன், நல்லெண்ணத்தில்தான், அவர்களை வராந்தாவில் உட்கார வைத்தான். போனில் மெனு பார்க்க அவருக்குத் தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரர் உதவினார். நெய் ரோஸ்ட் வர 25 நிமிடம் ஆனது. வந்தபோது முறுகல் போய் துவண்டு கிடந்தது. காபி வெதுவெதுப்பாக வந்தது. அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பையன் வந்து, 'சார், இந்த டேபிள் 6:45க்கு புக் ஆகியிருக்கு' என்று தயங்கித் தயங்கிச் சொன்னான்.

பெரியவர் சண்டை போடவில்லை. பில்லைக் கொடுத்தார், வழக்கமான டிப்ஸை வைத்தார். வாசலில் நின்ற மூத்த சப்ளையரிடம் (கடையில் எல்லோருக்கும், வாடிக்கையாளர்களுக்கும்கூட, அவர் அண்ணாச்சிதான்) 'காபி ஆறிப்போச்சு அண்ணாச்சி, பரவாயில்ல' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் வாரங்கள் கடந்தும் அவர் வரவில்லை.

அண்ணாச்சிதான் முதலாளியிடம் பேச்சை எடுத்தார். 'தம்பி, அவர் கோவிச்சுக்கிட்டுப் போகல. மனசு விட்டுப் போயிட்டாரு. கோவிச்சவன் திரும்பி வருவான்.' இந்த வார்த்தையை முதலாளி என்னிடம் போனில் அப்படியே சொன்னார். அதனால்தான் நான் போனேன்.

பார்த்ததும் அளந்ததும்

ஜூன் முதல் வாரத்திலிருந்து, ஒரு கைக்கடிகாரமும் சமையலறைத் தெர்மாமீட்டரும் வைத்துக்கொண்டு மாலை 5 முதல் 9 வரை கடையில் உட்கார்ந்தேன். முதல் இரண்டு நாள் எதையும் அளக்கவில்லை, வெறுமனே பார்த்தேன். இந்த வேலைக்கு வருகிறவர்கள் பலர் இதைச் செய்வதில்லை. அளக்கத் தொடங்கிவிட்டால் அளக்க முடிகிறது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

அடுப்படி ஜன்னலிலிருந்து பளிங்கு மேசைக்கு 9 அடி எடுத்து வைத்தால் போதும். வராந்தாவின் கடைசி மேசைக்கு 31 அடி. இந்தத் தூரத்தில்தான் எல்லாம் ஆறுகிறது என்று முதலாளி நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்தேன். கடிகாரம் வேறு சொன்னது. 31 அடி நடக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. தட்டு ஜன்னலில் காத்திருந்த நேரம்தான் 3, 4 நிமிடம். அவ்வளவு தூரம் நடக்க வேண்டுமே என்று, கைத்தட்டு நிறையும் வரை சப்ளையர்கள் நின்றார்கள். முதலில் வந்த தோசை, மூன்றாவதாக வரும் காபிக்காகக் காத்திருந்தது. காபியை முதலில் ஊற்றியிருந்தால் அது தோசைக்காகக் காத்திருந்தது. சோம்பல் என்று இதைச் சொல்ல மாட்டேன். மாலைக்கு 200 தடவை நடக்கும் கால்கள் தாமாகக் கண்டுபிடித்த சிக்கனம் அது. பக்கத்து மேசைக்கு யாரும் இப்படிச் சேர்த்துக் கொண்டுபோவதில்லை.

மீதியைக் காற்று பார்த்துக்கொண்டது. சூடான காபியின் மேல் நிற்கும் ஆவியைக் காற்று தள்ளிக்கொண்டு போனால் இன்னும் ஆவி எழும், அதோடு சூடும் போகும். எவர்சில்வர் டம்ளர் பக்கவாட்டிலும் சூட்டை வெளியே விடும். 76 டிகிரியில் ஜன்னலுக்கு வந்த காபி, கடைசி மேசையில் கைக்குக் கிடைத்தபோது 60ஐ ஒட்டி இருந்தது. டபராவில் ஒரு முறை ஆற்றினால் முடிந்தது. நம் ஆட்கள் காபியை ஆற்றிக் குடிப்பவர்கள். ஆற்றுவதற்கு அதில் சூடு மிச்சம் இருக்க வேண்டும்.

தோசைக்குப் பிரச்சினை ஈரம். முறுகலான மேல்பரப்பு காய்ந்திருக்கும், உள்ளே நீர் இருக்கும். நிற்க நிற்க உள்ளே இருக்கும் ஈரம் மேலே வரும், கடல் காற்றின் ஈரமும் சேரும். காற்றுக்குப் பயந்து மூடி போட்டுக் கொண்டுபோனார்கள், ஆவி மூடியில் பட்டு நீராகித் தோசை மேலேயே சொட்டியது. அதே காற்றுதான் உப்பு ஜாடியையும் கட்டியாக்கியது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மும்பை மழைக்காலம் பெரும்பாலும் அதற்கு மேல்தான். பளிங்கு மேசை ஜாடிகளில் அண்ணாச்சி எப்போதோ அரிசி போட்டு வைத்திருந்தார். வராந்தா ஜாடிகளில் யாரும் போடவில்லை.

இன்னொன்றை நான் மூன்றாவது நாள்தான் கவனித்தேன். வராந்தா மேசைகள் எட்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நிறைந்தன. எல்லோரும் சூரிய அஸ்தமனத்துக்கு வருகிறார்கள். ஜூன் மாதத்தில் அது 7:15ஐ ஒட்டி. 6:30லிருந்து 6:50க்குள் எட்டு மேசை ஆர்டரும் ஒரே தோசைக்கல்லுக்கு வந்து நின்றது. சாதாரணக் கடையில் கூட்டம் பரவலாக வரும், மாஸ்டருக்கு மூச்சு விட நேரம் இருக்கும். இங்கே கூட்டத்துக்கு மணி அடிப்பது சூரியன். அஸ்தமனம் முடிந்த பிறகோ ஒரு மணி நேரம் அடுப்படி சும்மா இருந்தது, மேசைகளில் ஆள் இருந்தும்.

புயல் வந்த வாரம்

ஜூன் இரண்டாவது வாரத்தில் அரபிக் கடலில் பிபர்ஜாய் புயல். ஜூன் 15 அன்று அது குஜராத்தில் கரையைக் கடந்தது. மும்பையில் அலை சாலை வரை அடித்தது, வராந்தாவை நான்கு நாள் மூட வேண்டியிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் கூடத்துக்குள்ளேயே நெருக்கி உட்கார்ந்தார்கள்.

அந்த நான்கு நாளில் ஒரு காபிகூடத் திரும்பி வரவில்லை. அதற்கு முந்தைய வாரம் மாலைக்கு 6, 7 காபி திரும்பியிருந்தது. மாஸ்டர் அதே ஆள், டிக்காஷன் அதே தூள், கூட்டமும் ஏறக்குறைய அதேதான். சமையலில் தவறில்லை என்பது அந்த வாரத்தில் சந்தேகமில்லாமல் தெரிந்தது. அதுவரை தன்னைத்தான் குறை சொல்கிறார்கள் என்று நினைத்து முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த மாஸ்டர், அன்றிலிருந்துதான் என்னோடு சகஜமாகப் பேசினார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

புயல் ஓய்ந்த பிறகு முதலாளி, மாஸ்டர், அண்ணாச்சி, நான் நால்வரும் கடை அடைத்த பின் உட்கார்ந்தோம். முதலாளியிடம் இரண்டு யோசனைகள் இருந்தன. இரண்டையும் வேண்டாம் என்றே சொன்னேன்.

முதலாவது, வராந்தா முழுக்கக் கண்ணாடி அடைத்து ஏசி போடுவது. பழைய கட்டடத்தில் அதற்கு அனுமதி வாங்குவது ஒருபக்கம் இருக்கட்டும். கடல் பார்த்த கண்ணாடியில் உப்புப் படலம் தினமும் படியும், துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்றுக்காக வருகிறவரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டாவது, கடல் பார்த்த மேசைகளுக்குப் பில்லில் சேவைக் கட்டணம் சேர்ப்பது. பில்லில் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்றே நெறிமுறை வெளியிட்டிருந்தது. அப்போது அது டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கில் இருந்தது. பின்னால், 2025 மார்ச்சில், நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சட்டம் எப்படிப் போனாலும், ஆறிய காபிக்குக் கூடுதல் பணம் கேட்க முடியாது என்று அண்ணாச்சி சொன்னதோடு அந்தப் பேச்சு நின்றது.

நாங்கள் செய்ய முடிவெடுத்தவற்றில் முதலாவது, காபியை முன்னால் கொண்டுவருவது. கூடமும் வராந்தாவும் சேரும் இடத்தில், தூண் மறைவில், காற்றுப் படாத மூலையில் ஒரு சின்னக் காபி மேடை. பால் அங்கேயே கொதிக்கும், டிக்காஷன் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் நிற்கும், டம்ளர்கள் வெந்நீரில் கிடக்கும். சூடான டம்ளரில் ஊற்றினால் முதல் நிமிடத்தில் டம்ளர் குடித்துவிடும் சூடு மிச்சமாகும். சாம்பாரையும் அங்கே வைத்தோம், 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்ற உணவுப் பாதுகாப்பு விதியோடு. தேங்காய்ச் சட்னியை மட்டும் முன்னால் வைக்கவில்லை. அந்தப் புழுக்கத்தில் அது சீக்கிரம் கெடும், உள்ளேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வர வேண்டும்.

அடுத்தது, ஜன்னலில் வந்த தோசை எதற்காகவும் காத்திருக்கக் கூடாது. ஒரே தட்டானாலும் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும், மூடி கிடையாது. இதற்கு மாலையில் ஓர் ஆள் கூடுதலாக வேண்டியிருந்தது. முதலாளி யோசித்தார், பிறகு ஒப்புக்கொண்டார்.

மழைக்காலம் முடியும் வரை வராந்தாவில் ரோஸ்ட் கிடையாது என்பதுதான் அதிக வாக்குவாதத்தைக் கிளப்பியது. செட் தோசை, ஊத்தப்பம், இட்லி, பொங்கல், பஜ்ஜி மட்டும். முறுகலை நம்பி நிற்காத பலகாரங்கள். ரோஸ்ட்தான் தன் கைக்குப் பேர் வாங்கித் தந்தது என்று மாஸ்டர் வருத்தப்பட்டார். துவண்டு போன ரோஸ்ட் உங்கள் பேரில்தானே மேசைக்குப் போகிறது என்று கேட்டேன். அடுத்த நாள் சரி என்றார்.

பளிங்கு மேசைகளில் நான்குக்கு முன்பதிவு கிடையாது, நடந்து வருகிறவர்களுக்கு. உட்கார்ந்திருப்பவரை எழுப்புவதும் கிடையாது; முன்பதிவு செய்தவர் காத்திருக்கட்டும், அவருக்கு ஒரு காபி கொடுங்கள். க்யூஆர் அட்டையோடு தமிழ், மராத்தி, இந்தி, ஆங்கிலத்தில் அச்சடித்த மெனுவும் வந்தது. வராந்தாவை எப்போது மூடுவது என்பதற்கும் ஒரு விதி வைத்தோம். மழைக்காலத்தில் கடல் 4.5 மீட்டருக்கு மேல் ஏறும் நாட்களின் பட்டியலை மாநகராட்சி முன்கூட்டியே வெளியிடும். மராத்திப் பையன்கள் 'பர்த்தி' என்று சொல்லும் இந்தப் பெரிய ஏற்றம், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மும்பைக்கு நண்பகல் வாக்கில் வரும், அதாவது சரியாகச் சாப்பாட்டு நேரத்தில். பட்டியலைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டினோம். அந்த நாட்களில் மதியம் வராந்தா கிடையாது.

மழைக்காலம் முழுவதும்

அந்த ஆண்டு பருவமழை மும்பைக்கு ஜூன் 25 அன்று வந்தது. மும்பைக்கும் டெல்லிக்கும் ஒரே நாளில் மழை வந்த அபூர்வமான ஆண்டு அது. அதற்கு மூன்று நாள் முன்பே காபி மேடை தயாராகிவிட்டது.

ஜூலையில் திரும்பி வந்த காபி மாலைக்கு ஒன்று, சில நாள் அதுவும் இல்லை. கடைசி மேசையில் அளந்தபோது 70 டிகிரிக்குக் குறையவில்லை. ஜூலை 3 பௌர்ணமி மதியம் வராந்தாவை மூடி வைத்தோம். அலை தெறித்து முன் வரிசைத் தரை நனைந்தது, யாரும் அங்கே இல்லை.

நல்லது மட்டும் நடக்கவில்லை. ரோஸ்ட் இல்லாததால் வராந்தா மேசைகளின் பில் தொகை ஜூலையில் கொஞ்சம் இறங்கியது. சில இளைஞர் கூட்டம் மெனுவைப் பார்த்துவிட்டு எழுந்து போனது. எழுப்புவதில்லை என்ற விதியால் இரண்டு முன்பதிவுக் குடும்பங்கள் அஸ்தமனத்தைத் தவறவிட்டுக் கோபித்துக்கொண்டன. அவர்கள் கோபம் நியாயமானது. அதன்பின் முன்பதிவை வராந்தாவில் பாதி மேசைகளுக்கு மட்டும் என்று குறைத்தோம்.

பெரிய தவறு என்னுடையது. காபி மேடையை, சப்ளையர்கள் திரும்பும் வளைவில் வைக்கச் சொன்னேன். காற்றை மட்டும் யோசித்தேன், கால்களை யோசிக்கவில்லை. ஆகஸ்ட் முதல் வாரத்தில், கூட்ட நேரத்தில் ஒருவர் தோள் இடித்து, காபி ஊற்றிக்கொண்டிருந்த பையனின் மணிக்கட்டில் வெந்நீர் கொட்டியது. குளிர்ந்த தண்ணீரில் கையை வைத்து, டாக்டரிடம் கூட்டிப்போனோம். கொப்புளம் ஆற இரண்டு வாரம் ஆனது, அதுவரை சம்பளத்தோடு விடுப்பு. மறுநாளே மேடையைத் தூணின் மறுபக்கத்துக்கு மாற்றி, வெந்நீர்ப் பாத்திரத்தைச் சுற்றித் தடுப்பு போட்டோம். அந்தப் பையன் 19 வயதுக்காரன். அவன் கையைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மேடையின் கீல்களும் திருகுகளும் ஒரு மாதத்தில் துருப்பிடித்தன. உப்புக் காற்றுக்கு மலிவான எவர்சில்வர் தாங்காது. மாலிப்டினம் கலந்த 316 ரகத்தை முதலிலேயே வாங்கியிருந்தால் இரண்டாவது செலவு மிச்சமாகியிருக்கும்.

அந்தப் பெரியவர்

ஜூலை நடுவில் அண்ணாச்சி கேட்டார், அவரைப் போனில் கூப்பிடலாமா என்று. கூப்பிட்டு 'ஏன் வரவில்லை' என்று கேட்பது அவரைச் சங்கடப்படுத்தும் என்று முதலாளி தயங்கினார். அண்ணாச்சி வேறு விதமாகப் பேசினார். 'ஐயா, மழை ஜாஸ்தியா இருக்கு, நீங்க ரெண்டு பேரும் சௌக்கியம்தானே?' அவ்வளவுதான் கேட்டார். கடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மனைவிக்கு முழங்கால் வலி, படி இறங்க முடியவில்லை என்று பெரியவர் சொன்னார். அப்படியானால் அவர் வராததற்கு எங்கள் காபி எவ்வளவு காரணம், முழங்கால் எவ்வளவு காரணம்? எனக்கு இன்றுவரை தெரியாது.

செப்டம்பரில், விநாயகர் சதுர்த்திக்குப் பிந்தைய வாரம், மகளோடு இருவரும் வந்தார்கள். அண்ணாச்சி பளிங்கு மேசையைக் காட்டினார். அந்த அம்மா வராந்தாவைப் பார்த்து, 'அங்கேயே உக்காரலாமே, அன்னிக்குக் கடலைச் சரியா பாக்கவே இல்ல' என்றார். கடைசி மேசைக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தார்கள். அச்சடித்த மெனு, செட் தோசை, மூன்று காபி. பெரியவர் டபராவில் இரண்டு முறை ஆற்றினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தார்கள், யாரும் எழுப்பவில்லை.

இன்னொரு முறை என்றால்

முதல் நாளே அண்ணாச்சியோடு உட்கார்ந்திருப்பேன். தட்டு நிறையக் காத்திருப்பது, அரிசி போட்ட உப்பு ஜாடி, அஸ்தமனக் கூட்டம், எல்லாம் அவருக்கு ஏப்ரலிலேயே தெரிந்திருந்தது. கேட்டபோது சொன்னார், 'யாரும் கேக்கலயே சார்.' எனக்கு அவற்றைக் கண்டுபிடிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

வராந்தாவைத் திறக்கும் முன்பே காபி மேடையை வைக்கச் சொல்வேன், அதுவும் சப்ளையர்களை வெறும் தட்டோடு நாலு தடவை நடக்கவிட்டுப் பார்த்த பிறகு. ரோஸ்ட்டை மொத்தமாக நிறுத்தியதும் அவசரம்தான். வராந்தாவின் உள்வரிசை நான்கு மேசைகளுக்குக் கொடுத்திருக்கலாம். அக்டோபரில் அப்படித்தான் மாற்றினோம், புகார் வரவில்லை.

ஆள் போடும் நேரத்தை நான் முழுக்கத் தவறவிட்டேன். ஜூனில் 6:30க்கு என்று வைத்த கூடுதல் ஆளை அப்படியே விட்டுவிட்டேன். நவம்பர் கடைசியில் மும்பையில் சூரியன் 6 மணிக்கே மறைந்துவிடும். அந்த மாதம் கூட்டம் 5:15க்கு வந்து நின்றது, ஆள் 6:30க்கு வந்தார், காபி மறுபடியும் திரும்பத் தொடங்கியது. இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் கடலேற்றப் பட்டியலோடு அஸ்தமன நேரப் பட்டியலும் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி அண்ணாச்சி அதைப் பார்த்து, மாலை ஆள் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சிவப்பு மையில் எழுதிவைக்கிறார்.